பேரூராட்சிக்குப் போகும் தகவல் மனு: முத்திரை விழுவது முதல் நகல் கைக்கு வருவது வரை

“எங்கள் தெரு வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது? இதற்கு யார் பொறுப்பு? எப்போது முடிப்பீர்கள்?”

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிற பலர் முதல் மனுவை இப்படித்தான் எழுதுகிறார்கள். முப்பதாவது நாள் வாக்கில் ஒரு வரிப் பதில் வரும்: ‘கோரப்பட்டவை பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை.’ படித்ததும் கோபம் வரும். ஆனால் இந்த இடத்தில் அலுவலகம் சொல்வது பெரும்பாலும் சரிதான்.

இந்தச் சட்டம் கேள்விக்கு விளக்கம் வாங்கித் தருகிற சட்டம் அல்ல. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை தருகிற சட்டம். தேர்வு விடைத்தாள்கள் தொடர்பான வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: இருக்கும் பதிவைத் தர வேண்டும்; இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை. “ஏன்” என்ற பெயரில் எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பு கிடையாது. ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லி யாராவது கோப்பில் குறிப்பு எழுதியிருந்தால், அந்தக் குறிப்பு பதிவுதான். அதைக் கேட்டால் தந்தாக வேண்டும்.

ஆகவே மனு எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது சட்டப் பிரிவுகளை அல்ல, அலுவலகத்தில் என்னென்ன காகிதங்கள் உண்டு என்பதை. ஒரு பேரூராட்சி வடிகால் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மதிப்பீடு தயாராகும். மன்றத் தீர்மானம் வரும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பும் வந்த புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலும் இருக்கும். பிறகு பணி உத்தரவு, ஒப்பந்ததாரரோடு போட்ட ஒப்பந்தம், அளவீட்டுப் புத்தகம், பட்டியல் (அதாவது பில்), பணம் கொடுத்ததற்கான வவுச்சர். இந்த வரிசையில் அளவீட்டுப் புத்தகம்தான் உயிர்நாடி. அலுவலகத்தில் அதை எம்-புக் என்பார்கள். நீளம், அகலம், ஆழம், அளந்த தேதி, அளந்தவர் கையெழுத்து, மேல்நிலைப் பொறியாளர் சரிபார்த்த கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். மதிப்பீட்டில் 120 மீட்டர், எம்-புக்கிலும் 120 மீட்டர், தெருவில் டேப் பிடித்தால் 85 மீட்டர் என்றால் உங்கள் “ஏன்” என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பிரிவு 2(ஜெ) இன்னொன்றும் தருகிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆவண நகல் மட்டுமல்ல, பணியையும் பதிவேடுகளையும் நேரில் பார்வையிடலாம். பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்கலாம். கான்கிரீட் சாலையில் எவ்வளவு சிமெண்ட் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் இதுதான் வழி.

மனுவில் என்ன எழுதுவது

பெயரையும் முகவரியையும் எழுதி, ‘நான் இந்தியக் குடிமகன்’ அல்லது ‘குடிமகள்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்குத்தான் இந்த உரிமை. சங்கத்தின் பெயரில், லெட்டர்பேடில் போட்டால் தட்டிக் கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். சங்கத் தலைவராக இருந்தாலும் தனிநபராகக் கையெழுத்திடுவது பாதுகாப்பு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை; பிரிவு 6(2)-இன்படி அவர்களும் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொது தகவல் அலுவலரின், அதாவது இந்த மனுக்களை வாங்கிப் பதில் தர வேண்டியவரின், கடமை.

அலுவலரின் பெயரைப் போட வேண்டாம். மாறுதலாகிப் போயிருப்பார், தபால் அவர் பின்னாலேயே சுற்றும். ‘பொது தகவல் அலுவலர், இன்ன பேரூராட்சி அலுவலகம்’ என்று பதவியைக் குறித்தால் போதும். வடிகால் மனுவின் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

“2023-24ஆம் நிதியாண்டில் இன்ன வார்டு, இன்ன தெருவில் மேற்கொள்ளப்பட்ட மழைநீர் வடிகால் பணி தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் வேண்டும். 1. மதிப்பீடு. 2. பணி உத்தரவு. 3. அளவீட்டுப் புத்தகத்தில் இப்பணி பதிவான பக்கங்கள். 4. ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல்களும் வவுச்சர்களும். 5. பணி நிறுத்தம் அல்லது கால நீட்டிப்பு குறித்துக் கோப்பில் உள்ள அலுவலகக் குறிப்புகள்.”

ஆண்டு, இடம், பணி, காகிதத்தின் பெயர் ஆகிய நான்கும் இருக்கின்றன. ‘2010 முதல் இன்றுவரை போட்ட எல்லாச் சாலைகளின் முழு விவரம்’ என்று கேட்பவருக்கு வேறு மாதிரி நடக்கும். பிரிவு 7(9)-ஐக் காட்டி, இவ்வளவையும் நகலெடுத்தால் அலுவலக வேலை கெடும், நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வரும். அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தைத்தான் மாற்ற அனுமதிக்கிறது. தகவலையே மறுக்க அனுமதிக்கவில்லை. எனவே அப்படிக் கடிதம் வந்தால் போய்ப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்புக்குப் பக்க எண் போட்டிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். வேண்டிய பக்கங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் நகல் கேளுங்கள். முந்நூறு பக்கக் கோப்பில் உண்மையில் தேவைப்படுவது பத்துப் பதினைந்து பக்கமாகத்தான் இருக்கும்.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு விதிகளின்படி ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கலாம், வரைவோலை எடுக்கலாம், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். வில்லைதான் எளிது, முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். அஞ்சல் தலையையும் ரெவின்யூ ஸ்டாம்பையும் ஒட்டி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவை செல்லாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்றின் நகலை வைத்தால் கட்டணம் எதுவும் இல்லை. மாநில அரசின் இணையதளம் வழியாகவும் மனு போடலாம், ஆனால் அங்குள்ள பட்டியலில் உங்கள் உள்ளாட்சி அலுவலகம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தபாலில் அனுப்பினால் ஒப்புகைச் சான்று முக்கியம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பின்னால் எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

அலுவலகத்துக்குள் நடப்பது

தபால் பிரிவில் முத்திரை விழுந்ததும் மனு செயல் அலுவலர் மேசைக்குப் போகும். பெரும்பாலான பேரூராட்சிகளில் அவரே பொது தகவல் அலுவலர். நகராட்சி, மாநகராட்சிகளில் மேலாளர் இருக்கலாம், அல்லது பொறியியல், நகரமைப்பு, சுகாதாரம் எனப் பிரிவுக்கு ஒருவர் இருக்கலாம். யார் என்பது அலுவலகப் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தவறான பிரிவுக்குப் போட்டாலும் மனு செத்துவிடாது, நாள்தான் போகும்.

செயல் அலுவலர் சுருக்கொப்பம் போட்டு, பிரிவு எழுத்தரின் பெயரைக் குறிப்பார். எழுத்தர் தன் பதிவேட்டில் ஏற்றி ந.க. எண் கொடுப்பார். இனி அந்த மனுவுக்கு அதுதான் பெயர். பதில் வராமல் நேரில் போய் விசாரிக்கும்போது “ஐயா, போன மாசம் ஒரு மனு குடுத்தேன்” என்றால் யாருக்கும் தெரியாது, ந.க. எண்ணைச் சொன்னால் எந்த மேசையில் இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரியும்.

அடுத்துத் தேடல். இங்கேதான் நாட்கள் கரைகின்றன. செயல் அலுவலர் பதிலுக்குப் பொறுப்பே தவிர, எல்லாக் காகிதமும் அவர் அலமாரியில் இருப்பதில்லை. பொறியாளர் ஒருவரே சில பேரூராட்சிகளைப் பார்ப்பது வழக்கம் என்பதால் எம்-புக் அவரிடம் இருக்கும். வவுச்சர் தணிக்கைக்குப் போயிருக்கும். பழைய கோப்பு பதிவறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பிரிவு 5(4)-இன்படி அவர் எந்த அலுவலரிடமும் உதவி கேட்டு எழுதலாம். அப்படிக் கேட்கப்பட்டவர் தராமல் இழுத்தடித்தால், பிரிவு 5(5)-இன்படி அவரே பொது தகவல் அலுவலராகக் கருதப்படுவார், அபராதமும் அவர் தலையில் விழும். விவரம் தெரிந்த செயல் அலுவலர் மனு வந்த இரண்டாம் நாளே அந்தக் கடிதத்தை எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுவார். இருபத்தைந்தாம் நாள் எழுதுபவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

கேட்டது தன் அலுவலகத்தில் இல்லை, வேறு அலுவலகத்தில் இருக்கிறது என்றால், 5 நாட்களுக்குள் பிரிவு 6(3)-இன் கீழ் அங்கே அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். உள்ளாட்சியில் இது அடிக்கடி நடக்கும். பட்டாவும் நில அளவையும் வருவாய்த் துறை விஷயம். கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சியின் ஆள் அல்ல. ஊருக்கு நடுவே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். கூட்டுக் குடிநீர்த் திட்டமானால் குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேட்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, கொடுக்கக் கூடாத பகுதியை மறைப்பது. பட்டியலில் ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண் இருக்கும், மனுக்களில் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் இருக்கும். அதற்காக முழுப் பக்கத்தையும் மறுக்கக் கூடாது. அந்த வரியை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைத் தர வேண்டும் என்கிறது பிரிவு 10. இதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. நகலின் மேல் கறுப்பு மார்க்கரால் அடித்து அப்படியே கொடுத்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது எண் தெரியும். அடித்த நகலை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, இரண்டாவது நகலைத்தான் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ‘உண்மை நகல்’ முத்திரை, கையெழுத்து, தேதி. வாங்குகிறவர் அங்கேயே பக்கங்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. முத்திரை இல்லாத பக்கம் பின்னால் நீதிமன்றத்தில் உதவாது.

முப்பது நாள் கணக்கு

அலுவலகத்தில் மனு சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். மனுவை வாங்கி உரியவருக்கு அனுப்பிவைக்கிற உதவிப் பொது தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் கூடுதலாக 5 நாள். உயிரும் தனிமனித சுதந்திரமும் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். வடிகால் மனுவில் இதை எழுதிப் பயனில்லை.

குழப்பம் வருவது நகல் கட்டணத்தில். ஏ4, ஏ3 தாளுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பெரிய கட்டட வரைபடங்களுக்கு ஆகிற செலவு. கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் போன நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டுகிற நாள் வரை கடிகாரம் நின்றிருக்கும். ஜூன் 3 அன்று மனு சேர்கிறது. ஜூன் 20 அன்று 42 பக்கத்துக்கு 84 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்புகிறார்கள். பதினேழு நாள் கழிந்தது. நீங்கள் ஜூலை 1 அன்று கட்டினால் மிச்சம் பதின்மூன்று நாள். ஜூலை 14-க்குள் நகல் வர வேண்டும். அந்தக் கடிதத்தில் எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு என்ற கணக்கும், கட்டணத்தை எதிர்த்து யாரிடம் முறையிடலாம் என்பதும் இருக்க வேண்டும். ‘ரூ.2,000 கட்டவும்’ என்று மொட்டையாக வந்தால் அதையே எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். கெடு தாண்டிவிட்டால் பிரிவு 7(6)-இன்படி நகல் இலவசம். முப்பத்தைந்தாம் நாள் கட்டணக் கடிதம் எழுதுகிற அலுவலகங்கள் உண்டு. பணம் கட்டாமல் இந்தப் பிரிவைக் காட்டிப் பதில் எழுதுங்கள்.

மறுப்புகளைப் படிக்கும் விதம்

மறுத்தால், எந்தப் பிரிவின் கீழ், என்ன காரணத்தால், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று எழுதியாக வேண்டும். விலக்குகள் பிரிவு 8-இலும் 9-இலும் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே நின்று ‘தர இயலாது’ என்பது மறுப்பே அல்ல.

‘மூன்றாம் நபர் தகவல்’ என்ற முத்திரை உள்ளாட்சியில் மலிந்த ஒன்று. பக்கத்து மனையின் கட்டட அனுமதிக் கோப்பைக் கேட்டால் உடனே இது வரும். பிரிவு 11 மறுக்கச் சொல்லவில்லை, விசாரிக்கத்தான் சொல்கிறது. மூன்றாம் நபர் ரகசியம் என்று கொடுத்த தகவலாக இருந்தால் 5 நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், அவர் 10 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம், எல்லாம் சேர்த்து 40 நாளுக்குள் அலுவலரே முடிவெடுக்க வேண்டும். ‘அவர் வேண்டாம் என்றார், அதனால் தரவில்லை’ என்பது முடிவாகாது.

தனிநபர் தகவல் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. முன்பு பிரிவு 8(1)(ஜெ), பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தகவலைத்தான் விலக்கியது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை நீக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இது பின்னடைவுதான். பயனாளிகள் பட்டியல், பணியாளர் விவரம் என்று பெயர் வருகிற எதற்கும் இனி மறுப்பு எளிது. ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: பொது நலன் பெரிது என்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம். அதனால் காரணம் சொல்லத் தேவையில்லை என்றாலும், பெயர்கள் வரும் ஆவணத்தைக் கேட்கும்போது பொது நலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுவது இப்போது புத்திசாலித்தனம்.

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது இன்னொன்று. சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. தேடவும் வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பை நிர்ணயிக்கவும் வேண்டும் என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்கும் விதிப்படி அழிக்கப்பட்ட கோப்புக்கும் வேறுபாடு உண்டு. முடிந்த கோப்புகளை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என வகை பிரித்துத்தான் பதிவறைக்கு அனுப்புவார்கள். எண்ணுக்கு முன்னால் ஓ.மு. (ஓராண்டு) என்றோ மூ.மு. (மூன்றாண்டு) என்றோ போட்டிருக்கும். உண்மையிலேயே அழித்திருந்தால் அழித்ததற்கான பதிவு இருக்கும். அந்தப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பல ‘அழிக்கப்பட்ட’ கோப்புகள் அப்போது உயிரோடு வரும்.

மேல்முறையீடு

பதில் வந்த நாளிலிருந்தோ, வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு. பேரூராட்சியானால் பெரும்பாலும் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், நகராட்சியானால் ஆணையர். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். மனு நகல், ஒப்புகைச் சான்று, வந்த பதில், எந்தெந்த வரிசை எண்ணுக்குத் தகவல் வரவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றை வைத்தால் போதும். ஊழல், சதி என்று நான்கு பக்கம் எழுதுவதால் மனு பலமாகாது; படிக்கிற அலுவலர் எது வரவில்லை என்று தேடித்தான் களைப்பார். புதிய தகவலையும் இதில் கேட்காதீர்கள், அதற்குத் தனி மனு வேண்டும்.

அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் பிரிவு 19(3)-இன் கீழ் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. பலர் அவசரப்பட்டு நேரே பிரிவு 18-இன் கீழ் புகார் அனுப்பிவிடுகிறார்கள். புகாரில் அபராதம் விதிக்கலாமே தவிர, தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது என்பது 2011-இல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. காகிதம் வேண்டுமானால் 19(3) மட்டுமே வழி. அபராதம் நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000; அலுவலகப் பணத்திலிருந்து அல்ல, அலுவலரே கட்ட வேண்டும். தகவல் தர மறுத்தது நியாயம் என்று நிரூபிக்கும் சுமையும் அவருடையதே.

எல்லோருக்கும் நாள் கணக்கு வைத்த சட்டம் ஆணையத்துக்கு மட்டும் கெடு வைக்கவில்லை. 1997-இலேயே, நாட்டுக்கு முன்னோடியாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலத்திலும் இரண்டாம் மேல்முறையீடு என்றால் காத்திருப்புதான். அந்தக் காத்திருப்பில் மூ.மு. கோப்பின் ஆயுள் முடிந்துவிடக்கூடும். கேட்கப்பட்ட தகவலை அழிப்பதும் பிரிவு 20-இல் அபராதத்துக்குரியது. எனவே முதல் மேல்முறையீட்டு மனுவிலேயே, ‘இன்ன ந.க. எண்ணில் கோரப்பட்ட கோப்புகள் இறுதி முடிவு வரும்வரை அழிக்கப்படாமல் வைக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து, அதன் நகல் ஒன்றைப் பேரூராட்சிக்கும் அனுப்பி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.